ஓவியத்தைச் சுமக்கும் காரை

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றி, இரண்டு கற்சுவர்களுக்கு நடுவே இருண்ட சுற்றுப்பாதை ஒன்று உண்டு. இராசராசன் 1010-ல் கட்டி முடித்த அந்தக் கோயிலில் சோழர் கால ஓவியம் இருக்கிறது என்பதே 1931 வரை வெளியுலகுக்குத் தெரியாது. கண்ணில் பட்டவை நாயக்கர் காலத்தில் தீட்டியவை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி அந்த ஆண்டு உள்ளே போய்ப் பார்த்தபோது, மேல்காரை, அதாவது மேலே இருந்த சுண்ணாம்புச் சாந்துப் பூச்சு, பெயர்ந்த இடங்களில் அடியிலிருந்து வேறொரு கோடும் வேறொரு நிறமும் தெரிந்தன. சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் போவது, முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவன், ஆலமரத்தடித் தென்முகக் கடவுள் என்று இன்று நாம் படங்களில் பார்த்து வியப்பதெல்லாம் அந்த அடிக்காரையில் இருந்தவைதான்.

அறுநூறு ஆண்டுக்கு மேல் இளைய பூச்சு உதிர்ந்திருக்கிறது, மூத்தது நின்றிருக்கிறது. இதைக் கேட்டதும் பலரும் மூலிகை வண்ணம், அந்தக் காலத்து ரகசியம் என்று சொல்லிவிடுவார்கள். மூலிகையும் இல்லை, ரகசியமும் இல்லை. சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930-களிலேயே இந்தக் காரைத் துணுக்குகளை ஆய்ந்து, சோழர் ஓவியம் ஈரச் சுண்ணாம்பின்மேல் தீட்டியது என்று முடிவு சொன்னார். ஓவியம் நிற்பதும் விழுவதும் அதன் அடியில் இருக்கும் காரையைப் பொறுத்தது. கோயில் ஓவியங்களைப் பற்றிய பேச்சில் இந்தக் காரைதான் எப்போதும் விட்டுப்போகிறது.

சுட்டதும் நீற்றியதும்

சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் ஏறத்தாழ 900 டிகிரிக்கு மேல் சுட்டால், அதிலிருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து, வெடித்து, மாவாகும். இதுதான் நீற்றுவது. அதைச் சல்லடையில் வடித்து, குழியில் தண்ணீருக்கு அடியில் மாதக்கணக்கில் கிடக்க விட்டால் வெண்ணெய் போல் ஆகும். இந்த ஊறலில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதைப் பல புதுப் பூச்சுகளில் பார்க்கலாம். நீறாத சிறு கட்டிகள் காரைக்குள் தங்கிவிடும். சுவரில் ஈரம் பட்டதும் அங்கேயே நீறிப் பருத்து, மேற்பரப்பைப் பொட்டுப் பொட்டாகத் தெறிக்க வைக்கும். அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும். தீட்டிய முகத்தின் நடுவே அப்படி ஒன்று தெறித்தால் திரும்ப ஒட்ட வழியில்லை.

மணல் ஆற்று மணலாக, கழுவியதாக, உப்பும் களிமண்ணும் இல்லாததாக இருக்க வேண்டும். முதல் பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், அடுத்ததற்கு ஒன்றுக்கு இரண்டு, மேல்பூச்சுக்கு ஒன்றுக்கு ஒன்று என்று மேலே போகப் போக மணல் குறைந்து நைசாக வேண்டும். சுண்ணாம்பு மிஞ்சினால் காயும்போது சுருங்கி நரம்பு நரம்பாக வெடிக்கும். மணல் மிஞ்சினால் விரல் பட்டாலே மாவாக உதிரும். கடுக்காயையும் கருப்பட்டியையும் தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு அந்த நீரால் சாந்தைக் குழைப்பது நம் ஊர் வழக்கம். சாந்து நன்றாக இழையவும், சட்டென்று காய்ந்துவிடாமல் இருக்கவும் அது உதவும். ஆனால் கருப்பட்டி கூடினால் இறுகத் தாமதமாகும், பூசணமும் பிடிக்கும். ‘நிறையப் போட்டால் நிறைய பலம்’ என்ற எண்ணம் இங்கே செல்லாது.

கல்லில் பூசுவதற்குத் தனிச் சிரமம் உண்டு. செங்கலும், துளைகள் நிறைந்த செந்நிறச் செம்பூரான் கல்லும் தண்ணீரை உறிஞ்சிச் சாந்தைத் தம்மோடு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தமிழ்நாட்டுக் கோயிலின் கருங்கல் உறிஞ்சாது. உளி பட்ட சொரசொரப்புத்தான் அங்கே காரைக்குக் கிடைக்கும் ஒரே பிடி. தஞ்சையில் சோழர் காரை அந்தச் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டது. நாயக்கர் காலக் காரைக்கோ, தேய்த்து மெருகேற்றிய பழைய ஓவியப் பரப்பே அடித்தளம். பிடி இல்லாத இடத்தில் பூசியது ஒருநாள் பெயரத்தான் செய்யும். பழைய பரப்பைக் கொத்திவிட்டு அதன்மேல் பூசுவது கொத்தனார்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி. பல கோயில்களில் பழைய ஓவியத்தின் மேல் வரிசை வரிசையாகக் கொத்துக் குழிகள் தெரிவது அதனால்தான்.

ஈரத்தில் ஒன்று, காய்ந்தபின் ஒன்று

மேல்பூச்சு பூசி, கூழாங்கல்லால் தேய்த்து, பரப்பு தொய்யாத அளவுக்கு இறுகியதும் ஓவியர் தொடங்க வேண்டும். வண்ணத்தில் பசை எதுவும் சேர்ப்பதில்லை; தண்ணீரில் குழைத்த காவிதான். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாக மாறும்போது, மேற்பரப்பில் கண்ணாடி போன்ற மெல்லிய தோல் ஒன்று உண்டாகும். வண்ணத் துகள்கள் அந்தத் தோலுக்குள் சிறைப்படும். இந்த மாற்றம் தொடங்கி முற்றுவதற்குள் தீட்டி முடிக்க வேண்டும். வெயில், காற்று, காரையின் கனம் இவற்றைப் பொறுத்து ஆறிலிருந்து எட்டு மணி நேரம் கிடைத்தால் அதிகம். அதற்குப் பிறகு தூரிகை இழுக்கும், வண்ணம் மேலேயே தங்கிப் பின்னால் தூளாக வரும். ஒரு நாளில் முடிக்கக்கூடிய அளவுக்குத்தான் மேல்பூச்சு பூசலாம். பிழை நேர்ந்தால் அழிக்க முடியாது. காரையைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும் நிறம் காய்ந்ததும் வெளிறிவிடும் என்பதால், எவ்வளவு வெளிறும் என்ற கணக்கும் கையில் இருக்க வேண்டும். தஞ்சைச் சுவரில் அந்தக் கோடுகள் தயக்கமில்லாமல் ஓடுவதற்கு ஓவியரின் திறமை ஒரு காரணம் என்றால், தயங்க நேரமே கிடையாது என்பது இன்னொன்று.

எந்த வண்ணம் செல்லும் என்பதையும் சுண்ணாம்பே தீர்மானிக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பைக் கலந்தால் சிவந்துவிடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஈரச்சுவரில் மஞ்சளைத் தீட்டினாலும் அதே கதிதான். செடிகொடிச் சாயங்கள் பலவற்றைச் சுண்ணாம்பின் காரம் மாற்றிவிடும் அல்லது வெளுக்கச் செய்துவிடும். தாக்குப்பிடிப்பவை மண்ணும் கல்லும்: செங்காவி, மஞ்சட்காவி, பச்சை மண், மரக்கரி, வெள்ளைக்குச் சுண்ணாம்பே. பழைய ஓவியங்களில் சிவப்பும் மஞ்சளும் மேலோங்கி இருப்பதை அழகுணர்ச்சி என்று மட்டும் படிப்பது பாதிப் படிப்பு.

இன்னொரு முறை, காரை முழுக்கக் காய்ந்தபின் தீட்டுவது. வேப்பம் பிசின், விளாம் பிசின், வச்சிரம் போன்ற பசையில் வண்ணத்தைக் குழைப்பார்கள். அவசரம் இல்லை, நகை, ஆடைக் கரை என்று நுணுக்க வேலைக்கு நேரம் கிடைக்கும். அவுரி நீலம், சாதிலிங்கச் சிவப்பு, அரிதார மஞ்சள் என்று நிறங்களும் கூடும். விசயநகர, நாயக்கர், மராத்தியர் கால ஓவியங்கள் பொதுவாக இந்த வகை. பலவீனம் அந்தப் பசையில் இருக்கிறது. ஈரம் பட்டால் பசை பருக்கும், காய்ந்தால் சுருங்கும், பூசணத்துக்கு அது உணவு. பல மழைக்காலம் கண்ட மண்டபத்தில் வண்ணப் படலம் மீன்செதில் போல ஓரம் சுருண்டு நிற்பதைப் பார்க்கலாம். அந்த நிலையில் கைபட்டால் போதும், ஒரு முகமே போய்விடும்.

சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் ஓவியம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பது பரமசிவனின் முடிவு. 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தக் குடைவரையைப் புதுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. மேலே பார்த்தால் தாமரைக் குளம். மீனும் அன்னமும் எருமையும் யானையும் நடுவே பூப் பறிப்பவர்களும். அத்தனையும் பாறைமேல் சில மில்லிமீட்டர் காரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு மெல்லிய பூச்சின் மேல் நகத்தால் பெயர் கீறியவர்கள் ஓவியத்தை மட்டுமல்ல, அதன் அடித்தளத்தையே உடைத்திருக்கிறார்கள்.

கேரளத்தில் கதை வேறு. அங்கே செம்பூரான் கல் சுவர் காரையை நன்றாகப் பிடிக்கும். காய்ந்த பூச்சின்மேல் இளநீர் கலந்த சுண்ணாம்பு நீரை 25, 30 தடவை அடித்து வெள்ளைத் தளம் உண்டாக்குவார்கள். பிறகு அடங்கிய ஐந்து நிறங்கள். 1970-ல் குருவாயூர்க் கோயில் தீவிபத்தில் சுவரோவியங்கள் பாழானதும் விழிப்பு வந்து, 1989-ல் அங்கேயே சுவரோவியப் பயிற்சி நிலையம் தொடங்கினார்கள். கற்றவர்கள் இன்றும் புதுச் சுவர்களில் தீட்டுகிறார்கள்.

தமிழில் இந்தத் தொழிலுக்குச் சொற்கள் ஏராளம். தூரிகையைத் துகிலிகை என்றார்கள். வண்ணம் ஏற்றாமல் கோட்டோடு நிற்பதற்குப் புனையா ஓவியம் என்று பெயர். திருப்பரங்குன்றத்தில் வந்தவர்கள் சுவரைக் காட்டி, இவள் இரதி, இவன் காமன், இவள் அகலிகை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைப் பரிபாடல் பாடுகிறது. படம் பார்த்துக் கதை சொல்லும் வழக்கம் அவ்வளவு பழையது.

உப்பும் சிமெண்டும் ஒழுகும் தளமும்

ஓவியத்தை அழிப்பவற்றில் முதலிடம் தண்ணீருக்கு. கோயில் மண்டபத்தின் கூரை கற்பலகைகளை அடுக்கியது. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டோடு எனப்படும் தட்டையான ஓடுகளைப் பதித்த தளம் இருக்கும். தட்டோட்டு இடுக்கில் ஓர் அரசங்கன்று வேர்விட்டால் போதும், நீர் உள்ளே இறங்கிவிடும். கருங்கல்லுக்குள் போக முடியாத நீர், பலகைகள் சேரும் இணைப்பு வழியாகக் கசியும். எனவேதான் விதானத்து ஓவியங்கள் நேர்க்கோடு நேர்க்கோடாக அழிந்திருக்கின்றன. மண்டபத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால், நிறம் போன பட்டைகள் அப்படியே மேலே இருக்கும் கல் இணைப்புகளைக் காட்டிக்கொடுக்கும்.

நீர் தனியாகவும் வருவதில்லை. செங்கல்லிலும் மண்ணிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக் கொண்டுவரும். மேற்பரப்புக்கு வந்து நீர் ஆவியானதும் உப்பு பூக்கும். வெளியே வெள்ளையாகப் பூத்த உப்பை மெல்லிய தூரிகையால் தட்டி எடுத்துவிடலாம். வண்ணப் படலத்துக்கு அடியில் படிகமாகும் உப்புதான் ஆபத்து. ஒவ்வொரு மழைக்கும் கரைந்து, ஒவ்வொரு கோடைக்கும் மறுபடி படிகமாகி, காரையைத் துகள் துகளாக உடைக்கும். சுவர் பொரிந்துவிட்டது என்று நாம் சொல்வது இதைத்தான்.

இதற்கு மருந்தென்று நினைத்துச் செய்யும் தவறுதான் மிகப் பெரியது: உதிர்ந்த இடத்தைச் சிமெண்டால் பூசிவிடுவது. சுண்ணாம்புக் காரை மூச்சு விடும். உள்ளிருக்கும் ஈரம் அதன் வழியே வெளியேறும். சிமெண்ட் அடைத்துக்கொள்ளும். ஈரம் பக்கத்தில் மிஞ்சியிருக்கும் பழைய காரை வழியாகத்தான் வெளியே வரவேண்டும், அதுவும் சிமெண்டிலிருந்து கரைந்த உப்பையும் சேர்த்துக்கொண்டு. ஆக, பூசிய இடம் கெட்டியாக நிற்க, அதைச் சுற்றியிருந்த ஓவியம் சில ஆண்டுகளில் உதிர்ந்துபோகும். பூசியவர் நல்லதைத்தான் நினைத்தார்; பாழானது ஓவியம்.

எண்ணெய் விளக்கு, கற்பூரம் இவற்றின் புகை இன்னொரு பக்கம். கரி மட்டும் என்றால் துடைக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்த கரி வண்ணத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். வௌவால் எச்சம் அமிலத்தன்மையுள்ளது, சுண்ணாம்பை அரிக்கும். மின்வேலைக்காரர் குழாய் பதிக்கச் சுவரைத் துளைப்பது, ஓவியத்தின் மேலேயே ஆணி அடித்து டியூப்லைட் மாட்டுவது என்று சிறு சிறு காயங்களுக்குக் கணக்கே இல்லை.

பளபளப்பாக்க வார்னிஷ் அடிப்பதும் உண்டு. 1920-களின் தொடக்கத்தில் ஐதராபாத் நிசாம் அரசு இத்தாலியிலிருந்து செக்கோனி, ஓர்சினி என்ற இருவரை வரவழைத்து அஜந்தா ஓவியங்களைச் செப்பனிட்டது. உதிர்ந்துகொண்டிருந்த காரையை அவர்கள் நிலைப்படுத்தியது பெரிய உதவி. ஆனால் மேலே பூசிய அரக்கு வார்னிஷ் நாளடைவில் பழுப்பேறி நிறங்களை மறைத்துவிட்டது. அதை நீக்கும் வேலை தொல்லியல் துறைக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தது.

பிடித்து நிறுத்துவது எப்படி

முதல் வேலை தளத்தை அடைப்பது. ஒழுகும் கூரைக்கு அடியில் ஓவியத்தைச் சுத்தம் செய்வது வீண் செலவு. தளமும் சுவரும் காய்ந்தபின், விரல் மூட்டால் மெல்லத் தட்டிக்கொண்டே போக வேண்டும். கல்லோடு ஒட்டிய காரை கெட்டியாக ஒலிக்கும். பெயர்ந்து நிற்பது பொள்ளென்று ஒலிக்கும். அந்த இடங்களைப் போட்டோவில் குறித்துக்கொண்டு, விளிம்புகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அணைகட்ட வேண்டும். பிறகு இருக்கும் விரிசல் வழியாகவே சிரிஞ்சால் முதலில் சாராயமும் தண்ணீரும் கலந்ததைச் செலுத்தி உள்ளே நனைப்பார்கள். வறண்ட தூசி இருந்தால் சாந்து ஒட்டாது என்பதே காரணம். அடுத்து, நைசாகச் சலித்த சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த நீர்மச் சாந்து. பஞ்சு வைத்த பலகையால் தாங்கிக் கொடுத்து இறுகும்வரை காத்திருக்க வேண்டும். ஒரே மூச்சில் நிறையச் செலுத்தினால் அதன் கனமே காரையைத் தள்ளி விழவைத்துவிடும்.

சுத்தம் செய்வது அதன் பிறகுதான். உலர்ந்த மென்தூரிகை, பிறகு மெல்லிய தாளை வைத்து அதன்மேல் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சு. சுண்ணாம்பு கந்தகத்தோடு சேர்ந்து கெட்டியான படலமாகியிருந்தால் அம்மோனியம் கார்பனேட் பற்று. எதையும் முதலில் மூலையில் ஓர் அங்குலச் சதுரத்தில் சோதித்துப் பார்க்காமல் செய்யக்கூடாது; ஈரச்சுவர் ஓவியம் தாங்கும் நீரைப் பசையில் தீட்டியது தாங்காது.

போன இடத்தில் கைச்சரக்கைச் சேர்த்துப் படத்தை முழுமையாக்குவது கூடாது. உதிர்ந்த பகுதியைச் சுண்ணாம்பால் சமப்படுத்தி, கண்ணை உறுத்தாத வெளிறிய நிறம் கொடுத்தால் போதும். விழுப்புரம் மாவட்டப் பனைமலையில் பல்லவர் கால உமையின் உருவம் ஒன்று எஞ்சியிருக்கிறது. தலைக்கு மேல் குடை, சற்றே சாய்ந்த முகம், மடக்கி ஊன்றிய ஒரு கால். எதிரே ஆடும் இறைவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சுற்றிலும் அழிவு. அந்த முகத்தின் கோட்டை இன்னொருவர் ‘சரிசெய்ய’ விட்டால் மிஞ்சியதும் போய்விடும்.

தஞ்சையில் தொல்லியல் துறை செய்தது இன்னும் கடினமான வேலை: மேலே இருந்த நாயக்கர் ஓவியத்தை அழிக்காமல் கழற்றி எடுத்து, கண்ணாடியிழைப் பலகையில் பதித்து, அடியிலிருந்த சோழர் ஓவியத்தை வெளிக்கொணர்ந்தது. இப்படிக் கழற்றும்போது ஓவியத்தின் முகத்தில் மெல்லிய தாளும் துணியும் ஒட்டி, ஓரத்தை வெட்டி, இரண்டு காரைகளுக்கு நடுவே நீண்ட மெல்லிய தகடுகளை நுழைத்துப் பிரிக்க வேண்டும். இரண்டு காலத்தையும் காப்பாற்றிய வேலை அது. கீழே சோழர் இருக்கிறார்கள் என்பதற்காக நாயக்கர் ஓவியத்தைக் கொத்திப் போடுவதற்கு யாருக்கும் உரிமை கிடையாது.

திருப்பணி நேரம்

கோயில் ஓவியங்கள் அதிகம் காணாமல் போனது திருப்பணிகளில். பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை குடமுழுக்கு என்பது மரபு. கோயிலைப் புதிதாக்கிக் காட்டும் ஆர்வமும் உண்மையானது. முன்பெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். அதனால் ஓவியம் மறைந்ததே தவிர அழியவில்லை. பொறுமையாகச் சுரண்டினால் அடியிலிருந்து மீண்டு வரும். எனாமல் அப்படியல்ல. எண்ணெயும் பிசினும் பழைய வண்ணத்துக்குள் இறங்கி, அதை உரிக்கப் போனால் ஓவியமும் சேர்ந்து வரும். மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்த காலத்தில், கருங்கல் மூலைகளில் ஒட்டியிருந்த கடைசித் துணுக்குகளும் கல்வெட்டு எழுத்தின் கூர்மையும் ஒன்றாகப் போயின. தடை வந்தது, போனது போனதுதான்.

திருவாரூர்த் தேவாசிரியன் மண்டப விதானத்தில் முசுகுந்தன் கதை நெடுக ஓடுகிறது. இந்திரனிடமிருந்து தியாகேசர் எப்படி ஆரூருக்கு வந்தார் என்பதைத் தமிழ்க் குறிப்புகளோடு, வாணவேடிக்கை வரை தீட்டி, சிங்காதனம் என்ற ஓவியர் தன் உருவத்தையும் பெயரையும் அங்கேயே சேர்த்திருக்கிறார். நம் கோயில் ஓவியங்களில் தீட்டியவர் பெயர் தெரிவதே அரிது. அப்படிப்பட்ட விதானத்தை அழிக்கப் பெரிய சதி தேவையில்லை; மேலே ஒரு சதுர அடித் தட்டோடு விரிசல் விட்டால் போதும்.

ஒப்பந்தப் புள்ளியில் மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று எழுதினால், ஒப்பந்தக்காரர் சிமெண்டைத்தான் எடுப்பார். சுண்ணாம்பு குழியில் ஊறவே அந்த மூன்று மாதம் வேண்டும். தை மாதம் குடமுழுக்கு என்றால், நீற்றுக்குழி முந்தைய ஆண்டே நிறைந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அதற்கும் முந்தைய ஒரு வடகிழக்குப் பருவமழையை வீணாக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்டபத்துக்குள் நின்று, எந்தக் கல் இணைப்பில் எந்த நாள் நீர் சொட்டியது என்று நோட்டில் குறித்து, போட்டோ எடுத்து வைத்தால், கோடையில் மேலே ஏறித் தளத்தைத் திறக்கும் கொத்தனாருக்கு அதுதான் வரைபடம்.